ஆவணிக்கு ஓர் ஊர்

என் கணவர் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் எங்கள் கடை. கல்லாவில் உட்கார்ந்து போன் எடுப்பது என் வேலை. மே மாதம் டிவியில் எந்தெந்த ஊரில் எவ்வளவு வெயில் என்று சொல்லும்போது, வேலூருக்கு முன்னாலோ பின்னாலோ எங்கள் ஊர்ப் பெயர் வந்துவிடும். செய்தி முடிந்ததும் கடை போன் அடிக்க ஆரம்பிக்கும். கனகம்மாசத்திரத்தில் ஒரு வீட்டில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும். கே.ஜி.கண்டிகையில் ஒருவருக்குக் காற்று வரும், குளிர்ச்சி வராது. எல்லாருக்கும் இன்றைக்கே ஆள் வரவேண்டும். அடுத்தவர் வீட்டு அறை குளிர்வதற்காக இவர் அவர்கள் மொட்டை மாடியில் உச்சி வெயிலில் நிற்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு மத்தியானம் கடைக்குத் திரும்பி வந்தவர், வண்டியை நிறுத்திவிட்டு நேராகத் தரையில் உட்கார்ந்தார். பழுதுக்கு வந்திருந்த ஒரு ஃபிரிட்ஜின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். வாய் குழறியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வெயில் தாக்கியிருக்கிறது என்று டிரிப்ஸ் ஏற்றி, மூன்று நாள் வெளியே போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அன்று சாயங்காலமே ரயில் ஏறி வந்துவிட்டாள். அப்பாவைத் திட்டினாள், என்னையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு, இந்த வருஷமாவது எங்காவது குளிர்ச்சியான ஊருக்குப் போகலாம், ஊட்டியோ ஏற்காடோ என்றாள். கண்ணை மூடிப் படுத்திருந்தவர், மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"போறதுன்னா வெளிநாடு போலாம்."

காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்து மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இவரும் கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த இவர் நண்பரும் சென்னைக்குப் போய் ஓர் இண்டர்வியூவில் தேறி வந்தார்கள். வளைகுடாவில் ஏசி மெக்கானிக் வேலை. இரண்டு பேருக்கும் ஒன்றாகவே பாஸ்போர்ட் வந்தது. அப்போது நான் ஏழு மாத கர்ப்பிணி. திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாயா பிள்ளையா என்கிற நிலை. இவர் ஏஜெண்டிடம் தன்னால் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். நண்பர் மட்டும் விமானம் ஏறினார். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, மகளும் நல்லபடியாகப் பிறந்தாள். அதற்குப் பிறகு இவர் இந்தக் கடையைத் திறந்தார். அந்தப் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவிலேயே காலாவதியானது. இவர் அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டுப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆகவே வெளிநாடு என்று முடிவாயிற்று. அடுத்தது எப்போது என்பது. ஆடிக் கிருத்திகை முடியும்வரை கடையை விட்டு நகர முடியாது. லாட்ஜுகளும் மண்டபங்களும் அத்தனை ஏசியையும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சரி செய்யச் சொல்லும். உறவுக்காரர்கள் காவடி எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் தங்குவார்கள். கூட்டம் இறங்கி, தெருக்களைக் கழுவிவிட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வரும். அது ஆவணி. அடுத்து ஆயுத பூஜை, தீபாவளி என்று விற்பனை தொடங்கிவிடும். நடுவில் கிடைப்பது அந்த ஓர் இடைவெளிதான். மகளும் அப்போது தனக்கு விடுப்பு கிடைக்கும் என்றாள்.

அதுவரை வெளிநாடு என்றாலே குளிர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எந்த நாடாக இருந்தாலும் போய் இறங்கினால் ஸ்வெட்டர் போடவேண்டும் என்று. ஆவணியில் எந்த நாட்டில் எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குப் புதிது. மகள் என் போனில் வானிலைப் பக்கத்தைத் திறந்து, ஊர்களைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் உலகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பாங்காக்கில் மழை. கோலாலம்பூரில் இடி. துபாயில் எங்கள் ஊரைவிட அதிக வெயில். அதைப் பார்த்ததும் எங்கள் ஊர் தோற்றுவிட்ட மாதிரி ஒரு சின்ன வருத்தம்கூட வந்தது. சிட்னியில் குளிர்காலம் என்று போட்டிருந்தது. தப்பாக இருக்கிறதே என்று மகளுக்குப் போன் செய்தேன். "அவங்களுக்கு ஆடிதாம்மா மார்கழி" என்று சிரித்தாள். அன்று கடையில் வேலையே ஓடவில்லை. நான் இங்கே விசிறிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில் ஒருத்தி அங்கே போர்வையைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

பள்ளிப்பட்டுப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் என் அப்பா, எனக்கு நைனா, அந்த வாரம் ஒரு கூடை மாம்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். அவரையும் கூட்டிப்போவது என்று நாங்கள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். மாட்டேன் என்பார், கெஞ்சவேண்டும் என்று தயாராக இருந்தேன். அவர் உடனே சம்மதித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மழை பெய்கிற ஊராக இருக்கவேண்டும்.

டூர் போகிறவர்கள் மழை இல்லாத ஊரைத்தான் தேடுவார்கள் என்று மகள் போனிலேயே அவருக்கு எடுத்துச் சொன்னாள்.

"மழ இல்லாத ஊரு நம்ம ஊரே கீதே" என்றார் நைனா. "அத்தப் பாக்க எதுக்கு ஏரோப்ளான் ஏறணும்?"

அதனால் தேடல் இன்னும் சிக்கலானது. மகளுக்கு வெயிலும் வேண்டாம், அடைமழையில் ஓட்டல் அறைக்குள் அடைந்து கிடக்கவும் வேண்டாம். நைனாவுக்கு மழை வேண்டும். இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "ஏசி இல்லாத ஊரா இருந்தா தேவல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எனக்கு இது எல்லாமே வேண்டும்போல் இருந்தது.

காசி யாத்திரைக்கு ஆள் சேர்த்து அனுப்பும் டிராவல்ஸ்காரர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அவரிடம் போய்க் கேட்டேன். நான் எந்த நாட்டைச் சொன்னாலும், ஆவணியில் அங்கே சீசன் இல்லை என்றார். சீசன் என்றால் என்ன என்று கேட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற காலம் என்று விளக்கினார். "அங்க போனா நாமதானங்க வெளிநாட்டுக்காரங்க" என்றேன். அவர் அதுவும் சரிதான் என்று சொல்லி டீ வரவழைத்தார்.

இலங்கைதான் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. ஆவணியில் அந்தத் தீவின் மேற்குக் கரையில் மழை, கிழக்குக் கரையில் வெயில் என்று மகள் படித்துச் சொன்னபோது நைனா நம்பவே இல்லை. ஒரே தீவில் இந்தப் பக்கம் ஒரு காலம், அந்தப் பக்கம் ஒரு காலமா என்று இரண்டு மூன்று முறை கேட்டார். நடுவில் மலை நின்று மேகத்தைத் தடுக்கிறது என்று தெரிந்ததும், அந்த மலைமேல் நின்று இரண்டு பக்கமும் பார்க்க முடியுமா என்று விசாரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, அன்றைக்கு விமானம் ஏறிய இவருடைய நண்பர் ஓமன் நாட்டு மஸ்கட்டிலிருந்து வழக்கம்போலக் கூப்பிட்டார். அங்கே வெள்ளிதான் விடுமுறை. இத்தனை வருஷமாக வெள்ளி மாலை அந்த அழைப்பு வராமல் இருந்ததில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவர் டூர் விஷயத்தைச் சொன்னார். நண்பர் கொஞ்சம் மனத்தாங்கலோடு, எங்கெங்கோ போகிறீர்கள், இங்கே வரக்கூடாதா என்றார். உன் ஊரில் வெயிலில் சாவதற்கா என்று இவர் கேட்டார்.

அப்போதுதான் நண்பர் சலாலாவைப் பற்றிச் சொன்னார். ஓமனின் தெற்குக் கோடியில், கடலோரத்தில் ஓர் ஊர். சுற்றிலும் அரபு தேசமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அந்த ஊரில் மட்டும் ஆனியிலிருந்து ஆவணி கடைசிவரை தூறிக்கொண்டே இருக்கும். மலையெல்லாம் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். அந்தத் தூறலில் நனைவதற்காகவே சுற்றுவட்ட நாட்டிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் காலத்துக்குப் பெயர் கரீஃப்.

மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த நைனாவின் கை நின்றது.

"இன்னா பேரு சொன்ன?"

"கரீஃப், மாமா."

"அது நம்ம அக்ரி ஆபீஸ்ல சொல்றதாச்சே. காரீப் பருவத்துக்குக் கடலைக்குக் காப்பீடு கட்டு, காப்பீடு கட்டுன்னு வருசா வருசம் உசுர எடுப்பானுங்க."

நண்பருக்கு அது தெரியவில்லை. அன்று இரவு மகள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இரண்டும் ஒரே சொல்தான். அரபியிலிருந்து இந்துஸ்தானிக்கு வந்து, அங்கிருந்து அரசாங்கக் காகிதங்கள் வழியாகப் பள்ளிப்பட்டு வேளாண்மை அலுவலகம் வரை வந்திருக்கிறது. நைனா வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். "அவங்க ஊரு பேச்சயா நான் இத்தினி வருசமா பேசிகினு இருந்தேன்" என்றார். அந்தச் சொல் எந்த ஊரிலிருந்து கிளம்பியதோ அந்த ஊரில் மழை எப்படிப் பெய்கிறது என்று பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். இலங்கை கைவிடப்பட்டது.

இவர் மட்டும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகள் கேட்டால் பார்க்கலாம் என்பார்; நான் கேட்டால் எழுந்து கடைக்குள் போய்விடுவார். ஒரு வாரம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் யாரும் இல்லாத நேரத்தில், ஏன் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"வேலைக்கிப் போவ வேண்டியவன் அங்க" என்றார். "இப்ப ஊர் சுத்தப் போயி நிக்கணும்."

"பாக்கணும்னு ஆசையா இல்லயா உங்களுக்கு?"

கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆசதான். அதான் பயமா கீது" என்றார்.

நான் கல்லாவுக்குத் திரும்பிவிட்டேன். தான் போகாமல் விட்ட வாழ்க்கை அங்கே எப்படி நடந்துகொண்டிருக்கும் என்று பார்ப்பதற்கு அவருக்குக் கொஞ்சம் நாள் வேண்டும் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து அவராகவே முடி வெட்டிக்கொண்டு, போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆடிக் கிருத்திகை முடிந்தது. அதற்குள் என் போனில் மற்ற ஊர்களெல்லாம் போய்ச் சலாலா மட்டும் இருந்தது. தினமும் காலையில் அதே சாம்பல் நிற மேகம், அதே சின்னச் சின்னக் கோடுகள். மகளின் விடுப்பு ஒரு வாரம் தள்ளிப்போனபோது எனக்குத் தூக்கம் போயிற்று. செப்டம்பர் பாதிக்கு மேல் மேகம் கலைந்துவிடும் என்று நண்பர் சொல்லியிருந்தார். நைனா பள்ளிப்பட்டிலிருந்து தினமும் போன் செய்து, அங்கே தூறுகிறதா என்று கேட்பார். தன் கடலைக்காட்டில் மழை பெய்ததைக்கூட அவர் அவ்வளவு அக்கறையாகச் சொன்னதில்லை.

மஸ்கட்டில் இறங்கியபோது அடித்த அனலில் எங்கள் ஊரே தேவலை என்றிருந்தது. நண்பர் விடுப்புப் போட்டுவிட்டு விமான நிலையத்துக்கே வந்திருந்தார். எங்களோடு சலாலாவுக்கும் வருவதாக ஏற்பாடு. அவர் ஊருக்கு வந்து போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு பேரும் கட்டிக்கொள்ளவில்லை, கை கொடுக்கவும் இல்லை. நண்பர் இவருடைய தொப்பையை விரலால் தட்டினார். இவர் நண்பருடைய நரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இருவரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள்.

சலாலா விமானத்தில் நைனாவுக்கு ஜன்னல் ஓரம். கீழே வழி முழுக்க மண் நிறம்தான். ஒரு மரம் இல்லை, ஓர் ஏரி இல்லை. ஏமாந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது. இறங்கப்போகும் சமயத்தில் திடீரென்று கீழே எல்லாம் வெள்ளையாக மூடிக்கொண்டது. விமானம் அதற்குள் இறங்கி வெகுநேரம் ஒன்றும் தெரியாமல் போய், பிறகு ஈரமான ஓடுபாதையில் நின்றது. படியில் கால் வைத்ததும் முகத்தில் குளிர்ந்த காற்று மோதியது. நைனா உள்ளங்கையை விரித்து நீட்டிப் பார்த்தார். "ரவ மாதிரி பொடியா கீது" என்றார்.

ஊருக்குள் போகும் வழியில் சாலையோரம் வரிசையாக இளநீர்க் கடைகள். வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது. பப்பாளி அடுக்கி வைத்திருந்தார்கள். பின்னாலேயே தென்னந்தோப்பு. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மகள் முகம் சுருங்கிப்போனது. நைனா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒவ்வொரு கடையாகப் பார்த்தார். ஓர் இளநீரைக் குடித்துவிட்டு, நம் ஊர்க் காயைவிட உப்பு கொஞ்சம் அதிகம், கடல் பக்கத்தில் இருப்பதால் இருக்கும் என்றார். இவர் சற்றுத் தள்ளி ஒரு கட்டடத்தின் பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவர் முழுக்க ஏசியின் அவுட்டோர் யூனிட்டுகள். கிட்டே போய் ஒன்றின்மேல் கையை வைத்தார்.

"ஒண்ணுகூட ஓடலடா" என்றார் நண்பரிடம். "இந்த ஊர்ல நமக்குச் சோறு கிடைக்காது."

"அதான் நான் மஸ்கட்ல கீறேன்" என்றார் நண்பர்.

மறுநாள் மலைக்குப் போனோம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. வண்டியின் முன்னால் ஏதோ அசைய, ஓட்டுநர் நிறுத்தினார். ஓர் ஒட்டகம் பனிக்குள்ளிருந்து வந்து சாலையின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. அதன் பின்னால் இன்னும் சில. எந்த வண்டியும் ஹாரன் அடிக்கவில்லை. அவை போய் முடிந்த பிறகுதான் எல்லாரும் கிளம்பினோம். மேலே புல்வெளியில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. யாரிடமும் குடை இல்லை. குழந்தைகளின் தலைமுடியில் நீர்த்துளி பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. நனைவதற்கென்றே வருகிறார்கள் என்று நண்பர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இவரும் நண்பரும் புல்வெளியில் முன்னால் நடந்து பனிக்குள் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் இரண்டு நிழல் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. வெகுநேரம் கழித்து இவர் மட்டும் முதலில் திரும்பி வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கட்டில் மேல கட்டில் போட்டுப் படுத்துகினு இருந்தாங்களாம், மொத சில வருசம்" என்றார். "அவம் பையன் பொறந்தது, நடந்தது எல்லாம் போட்டோலதான் பாத்தானாம். இத்தினி வெள்ளிக்கெழம போன் பேசியிருக்கான், இத்த ஒரு நாளும் சொன்னதில்ல."

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். அவள் தாத்தாவுக்குப் போனில் படம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இவர் முகத்தில் நான் பயந்த மாதிரி வருத்தம் எதுவும் இல்லை. நண்பரை நினைத்துத்தான் இவருக்கு மனசு கனத்திருந்தது. நண்பர் வந்ததும் இவர் தன் துண்டை எடுத்துக் கொடுத்து, தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னார்.

பக்கத்துப் பாயில் இருந்த வெள்ளைத் தாடிக்காரர் எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார். தன் பேரப்பிள்ளைகளிடம் ஏதோ சொல்ல, அவர்கள் ஃபிளாஸ்க்கையும் பேரீச்சம்பழத் தட்டையும் எங்களிடம் கொண்டுவந்து வைத்தார்கள். அவரும் எழுந்து வந்து நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். நண்பர் அரபியில் சொன்னார். மலைமேல் கோயில் இருக்கிற ஊர் என்று நைனா கையால் காட்டினார். மகள் போனில் மலையையும் படிக்கட்டையும் காட்டினாள். தாடிக்காரர் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். தன் குடும்பத்தோடு அங்கே வருவதென்றால் எந்த மாதம் நல்லது என்று.

எங்களுக்குள் பெரிய சர்ச்சையே மூண்டுவிட்டது. நைனா ஐப்பசி என்றார். மழை நன்றாகப் பிடிக்கும், நம் மழையையும் அவர் பார்க்கட்டும் என்றார். ஐப்பசியில் புயல் வந்தால் என்ன செய்வது, தை மாதம் வரட்டும் என்றார் இவர். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைப் பார்க்காமல் திருத்தணியைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா என்றாள் மகள். எனக்குக் கார்த்திகைதான் சரி என்று பட்டது. காலையில் கொஞ்சம் குளிரும், வயலெல்லாம் பச்சையாக இருக்கும். எங்கள் ஊருக்கு எது நல்ல மாதம் என்று நாங்கள் அதுவரை ஒரு நாளும் பேசியதே இல்லை. தாடிக்காரர் டீக் கோப்பையைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நண்பர் எங்களைக் கையமர்த்திவிட்டு, அவரிடம் நீளமாக ஏதோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்.

மலையிலிருந்து இறங்கும்போது, அவரிடம் எந்த மாதம் சொன்னீர்கள் என்று நண்பரைக் கேட்டேன்.

"எந்த மாசம்னாலும் வாங்க, ஆனா முன்னாடியே எனக்குச் சொல்லிடுங்கன்னு சொன்னேன், அண்ணி" என்றார். "நானும் லீவு போட்டுகினு வரணும் இல்ல."